பெயிண்டில் விரிசல் விழவைப்பது: ஒரு முக்காலியில் பழகலாம்

அடி நிறத்துக்கும் மேல் நிறத்துக்கும் நடுவில் பசை பூசி, மேல் பெயிண்டை விரியவைத்துப் புதுப் பொருளைப் பழசு போலக் காட்டுகிற வேலை இது. முதல் தடவை செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். பசை பூசியாயிற்று, மேல் நிறத்தை இழுத்தாயிற்று, இரண்டு நிமிடத்தில் மெல்லிய கோடுகள் எட்டிப் பார்க்கின்றன, ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் சரியாகப் படவில்லை போலத் தெரிகிறது, சரி ஒரு தடவை தடவிவிடுவோம் என்று பிரஷ்ஷைக் கொண்டுபோகிறார்கள். அவ்வளவுதான். அடியில் இளகிக் கிடக்கும் பசை மேலே ஏறி வந்து பெயிண்டோடு கலந்து, பால் திரிந்த மாதிரி திட்டுத் திட்டாகிவிடும். அந்த இடத்தில் அதன் பிறகு விரிசலும் வராது, வழவழப்பும் வராது. அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்: மேல் பெயிண்ட் ஒரே இழுப்புதான், இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி கைப்பழக்கத்தில் வந்துவிடும்.

வீட்டில் மூலையில் கிடக்கும் மர முக்காலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரடிக்கு ஓரடி மேல்பலகை இருந்தால் போதும். முதல் முயற்சிக்குத் தட்டையான பொருள்தான் நல்லது. பானை, பாட்டில் எல்லாம் அப்புறம்.

ஏன் விரிகிறது

கோடையில் வற்றிய கண்மாயில் நடந்திருப்பீர்கள். நடுவில் வண்டல் கனமாகப் படிந்த இடத்தில் ஓடுகள் பெரிது பெரிதாக, இடையில் விரல் போகிற அளவுக்குப் பிளவு இருக்கும். கரையோரம் மெல்லிய சேறு காய்ந்த இடத்தில் சின்னச் சின்னச் சில்லுகளாக இருக்கும். பெயிண்டிலும் இதே கணக்குதான். மேலே இருக்கும் பெயிண்ட் தண்ணீரை இழந்து வேகமாகச் சுருங்கப் பார்க்கிறது, கீழே இருக்கும் பசை இன்னும் இளக்கமாக இருப்பதால் அதைப் பிடித்து நிறுத்த முடியாமல் வழுக்கிக் கொடுக்கிறது, மேலே இருப்பது இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் கிழிகிறது. கிழிந்த இடைவெளியில் அடி நிறம் தெரிகிறது. கனமாகப் பூசினால் பெரிய விரிசல், மெல்லிசாகப் பூசினால் நுணுக்கமான விரிசல். இது பசைக்கும் பொருந்தும், மேல் பெயிண்டுக்கும் பொருந்தும்.

பழைய வீட்டு ஜன்னல் கதவில் ஐம்பது வருடத்தில் தானாக வருகிற விரிசலும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான் வருகிறது. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு கோட்டிங் ஏறி, அடியில் இருப்பது ஒரு பதத்தில், மேலே இருப்பது இன்னொரு பதத்தில் இருக்கும். அதோடு மரம் மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும், அதுவும் நீளவாக்கில் இல்லை, அகலவாக்கில்தான் அதிகம். அதனால் நிஜமான பழைய பெயிண்டில் விரிசல் பெரும்பாலும் மரத்தின் ரேகையை ஒட்டியே ஓடும். நாம் செய்யும்போதும் பிரஷ்ஷை ரேகையோடு இழுக்கிறோம் என்றால் காரணம் இதுதான். விரிசல் பிரஷ் போன திசையிலேயே விழும், குறுக்கே இழுத்தால் குறுக்கே விழும், பார்த்தவுடனே ஏதோ ஒட்டவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பீங்கானிலும் இதே சங்கதி உண்டு. தெற்குச் சோங் அரசர்கள் காலத்தில் (1127–1279) சீனாவின் ஹாங்சூ நகரில் அரண்மனைக்காகச் சுட்ட குவான் வகைப் பீங்கானில் மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு, அடியில் உள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்கி உடல் முழுக்க வலை மாதிரி விரிந்திருக்கும். சூளையில் நேர்ந்த பழுது என்று அதை ஒதுக்காமல், அதுதான் அழகு என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வேலையின் மேல் பிடிப்பு வந்ததற்கு அந்தப் பீங்கான்களின் படங்களும் ஒரு காரணம்.

என்னென்ன வேண்டும்

விரிசல் விழவைப்பதற்கென்றே தனியாக மீடியம் என்ற பூச்சுத் திரவம் கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது, ஆனால் பழகுகிறவர்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. சாதாரண வெள்ளைப் பசை போதும். ஃபெவிகால் எம்ஆர் எல்லா ஸ்டேஷனரி கடையிலும் இருக்கும். தண்ணீர் தாங்கும் வகை என்று எழுதியிருக்கும் பசையை எடுக்காதீர்கள், நமக்குத் தண்ணீருக்கு இளகுகிற பசைதான் வேண்டும். ஒரு சதுர அடிக்கு 25, 30 கிராம் பசை பிடிக்கும், கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடி நிறத்துக்கும் மேல் நிறத்துக்கும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட். சுவருக்கு அடித்து மிச்சமான எமல்ஷன் டப்பா வீட்டில் இருந்தால் அதுவே போதும். மேல் நிறம் மட்டும் பளபளப்பில்லாத வகையாக இருக்கட்டும். வெளிச்சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் இதற்குச் சரிப்படாது. சுவரில் விரிசல் தெரியாமல் இழுபட்டுக் கொடுக்க வேண்டும் என்றே அதைத் தயாரிக்கிறார்கள், அதனிடம் போய் விரிசல் கேட்டால் எப்படி வரும். எனாமலும் வேண்டாம். அதில் தண்ணீர் கிடையாது, இந்தப் பசையின் மேல் அது விரியாமல் வழுவழுவென்று அப்படியே நின்றுவிடும்.

இன்னும் சில: 120, 220 நம்பர் உப்புத்தாள், ஒரு சின்ன டப்பா வுட் பிரைமர், இரண்டு அங்குலப் பிரஷ் இரண்டு (ஒன்று பசைக்கு, ஒன்று பெயிண்டுக்கு, மாற்றக் கூடாது), பழைய பனியன் துணி, முகமூடி, கடைசியில் பூச ஆயில் வார்னிஷ் அல்லது ஸ்ப்ரே லாக்கர். ஹேர் டிரையர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். அடியும் மேலும் ஒன்றுக்கொன்று நன்றாக எடுத்துக்காட்ட வேண்டும். வெளிர் மஞ்சளுக்கு அடியில் வெள்ளை வைத்தால் இவ்வளவு பாடுபட்டதும் கண்ணுக்கே தெரியாது. எனக்குப் பிடித்த ஜோடி, அடியில் காவி அல்லது காப்பிக்கொட்டை நிறம், மேலே சந்தன நிறம். மரமே உள்ளிருந்து தெரிகிற மாதிரி இருக்கும். அடியில் செங்கல் சிவப்பு, மேலே பழைய வீட்டுக் கதவுகளில் பார்க்கும் அந்தப் பச்சை, இதுவும் நன்றாக வரும். பளிச்சென்ற வெள்ளையை அப்படியே பூசாதீர்கள். பெயிண்ட் கடையில் சின்ன ட்யூபில் ஸ்டெயினர், அதாவது பெயிண்டில் கலக்கும் நிறச்சாயம், கிடைக்கும், மஞ்சளும் பழுப்பும் இரண்டு இரண்டு சொட்டு விட்டுக் கலக்கினால் வெள்ளையின் புதுக்கருக்கு போய்விடும்.

முதலில் ஒரு துண்டுப் பலகை

நேராக முக்காலியில் இறங்காதீர்கள். ஆசாரி வெட்டிப்போட்ட ப்ளைவுட் துண்டோ, ஒரு கெட்டியான அட்டையோ எடுத்து, அடி நிறம் பூசிக் காயவைத்து, அதை மூன்று பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தில் பசை மெல்லிசாக, இன்னொன்றில் நடுத்தரமாக, மூன்றாவதில் தாராளமாக. மேல் நிறத்தை ஒரே மாதிரி இழுத்துவிட்டுப் பாருங்கள். பிரஷ்ஷுக்குப் பதில் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்தால் கோடாக இல்லாமல் வலை மாதிரி வட்டமாக விரியும், அதையும் ஓரத்தில் செய்து பாருங்கள். உங்கள் பசை, உங்கள் பெயிண்ட், உங்கள் ஊர்க் காற்று மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பது இந்தப் பலகையில் தெரிந்துவிடும். பலகையின் பின்னால் எத்தனை நிமிடம் விட்டீர்கள் என்று பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள். நான் இப்போதும் புது டப்பா திறந்தால் முதலில் பலகைதான்.

முக்காலியில் வேலை

பழைய பெயிண்ட் இருக்கிற முக்காலி என்றால் தேய்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வது நல்லது. அதைக் காய்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள், குறிப்பாகச் சின்னக் குழந்தைகள் தவழ்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு உப்புத்தாள் கிடைக்கிறது, அதை வைத்து ஈரமாகவே தேய்த்து, அந்தச் சேற்றைத் துணியில் துடைத்து ஒரு கவரில் கட்டிப் போடுங்கள். முகமூடி கட்டாயம். பெயிண்ட் உரிந்து உரிந்து வருகிற நிலையில் இருந்தால் அந்த முக்காலியை விட்டுவிட்டு வேறு பொருள் தேடுங்கள் என்றே சொல்வேன்.

வெறும் மரம் அல்லது பாலிஷ் போட்ட மரம் என்றால் கவலையில்லை. 120இல் தேய்த்து, 220இல் வழவழப்பாக்கி, ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக் காயவிடுங்கள். ஆணி ஓட்டை, சின்னப் பள்ளம் எல்லாவற்றையும் பட்டி பார்த்து மூட வேண்டாம், பழசு போலத் தெரியவேண்டிய பொருளுக்கு அவை துணைதான். பிரைமர் ஒரு கோட்டிங். காய்ந்ததும் அடி நிறம் இரண்டு கோட்டிங், இடையில் இரண்டு மணி நேரம். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். இந்த ராத்திரியை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அடி நிறம் உள்வரை காயாமல் இருந்தால் பசை அதையும் சேர்த்து இழுத்து, விரிசல் பிரைமர் வரைக்கும் போய்விடும்.

மறுநாள் பசை. பலகையில் கொஞ்சம் ஊற்றி ரேகையோடு பரப்புங்கள். இங்கே ஒரு விஷயம், எனக்கு இது ரொம்ப முக்கியம். பலகை முழுக்கச் சீராகப் பூசாதீர்கள். எந்தப் பழைய பொருளும் விளிம்பிலிருந்து விளிம்பு வரை ஒரே மாதிரி விரிந்திருக்காது. ஜன்னலில் வெயில் படும் பக்கம் அதிகம் விரிந்திருக்கும், நிழல் பக்கம் அப்படியே இருக்கும். அதனால் ஒரு பக்கம் தாராளமாக, நடுவில் மெல்லிசாக, இரண்டு மூன்று இடத்தில் பசையே இல்லாமல் விடுங்கள். பசை இல்லாத இடத்தில் மேல் நிறம் சாதாரணமாகக் காய்ந்து நிற்கும், அந்த அமைதியான இடம் பக்கத்தில் இருந்தால்தான் விரிசல் நம்பும்படியாக இருக்கும். கால்களில் மூட்டுப் பக்கம் மட்டும் கொஞ்சம் வைத்தால் போதும்.

பூசிய பசை பால் வெள்ளையாக இருக்கும். காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் மெல்லிய இடங்களில் வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆகும், கனமான இடங்களில் இன்னும் லேசான பால் நிறம் நிற்கும். விரல் நுனியை வைத்து எடுத்துப் பாருங்கள். விரலோடு பசை ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஆகவில்லை. விரலைப் பிடித்து விடுகிற மாதிரி பிசுபிசுப்பு மட்டும் இருந்து, விரல் சுத்தமாக வந்தால் அதுதான் பதம். சாதாரண நாளில் இதற்கு 15 முதல் 30 நிமிடம் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும், உள்ளே ஈரமாகவே இருக்கும், இது ரொம்ப மோசம், நிழலிலேயே வையுங்கள். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள்.

பசை முழுக்கக் காய்ந்து பிசுபிசுப்பே இல்லாமல் போய்விட்டால்? பதறவேண்டாம், அதன் மேல் மெல்லிசாக இன்னொரு கை பசை பூசிவிட்டு மறுபடி காத்திருங்கள்.

இனி மேல் நிறம். பெயிண்ட் தோசை மாவுப் பதத்தில் இருக்கட்டும், ரொம்பத் தண்ணீர் சேர்த்தால் பசை கரைந்து ஓடும். பிரஷ்ஷை நன்றாக முக்கி, நிறையப் பெயிண்ட் பிடிக்கவைத்து, பலகையின் ஒரு விளிம்பில் வைத்து அடுத்த விளிம்பு வரை ஒரே இழுப்பு. அடுத்த இழுப்பு அதன் பக்கத்தில், நூலளவு மட்டும் மேலே ஏறுகிற மாதிரி. பாதியில் பெயிண்ட் தீர்ந்து கோடு கோடாக வந்தாலும் திரும்பிப் போகாதீர்கள், அந்த வறண்ட இடத்தில் அடி நிறம் தெரிந்தால் தெரியட்டும், பழைய பொருளில் அப்படியும் இருக்கும். ஓரடிப் பலகைக்கு ஆறு, ஏழு இழுப்புக்குள் வேலை முடிந்துவிடும். பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள்.

இந்த இரண்டு, மூன்று நிமிடத்துக்காகத்தான் நான் இந்த வேலையையே செய்கிறேன். முகத்தைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பாருங்கள். முதலில் ஒன்றும் நடக்காது, ஈரப் பெயிண்டின் மினுமினுப்பு மட்டும் இருக்கும். அப்புறம் மெல்லிய ஓரத்தில் மினுமினுப்பு மங்கும், மங்கிய இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. அது ஒன்றாக இருந்து இரண்டாகக் கிளைவிடும், பக்கத்தில் இன்னொன்று, இரண்டும் நகர்ந்து நகர்ந்து ஒன்றையொன்று தொட்டதும் ஒரு சில்லு தனியாகும். கோடுகள் மெதுவாக வாய் திறக்கும், உள்ளே காவி நிறம் தெரியும். பத்து நிமிடத்தில் பலகையில் பாதி விரிந்திருக்கும், ஒரு மணி நேரத்தில் என்ன வரவேண்டுமோ வந்திருக்கும்.

விரிசல் சோம்பலாக வந்தால் ஹேர் டிரையரை நடுத்தரச் சூட்டில், ஓரடி தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். மிக அருகில் வைத்தால் பசை பொங்கிக் கொப்புளம் வரும்.

பிறகு 24 மணி நேரம் தொடவேண்டாம். மழைக்காலம் என்றால் இரண்டு நாள்.

வார்னிஷில் நான் கெடுத்துக்கொண்ட ட்ரே

விரிசல் காய்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து, நான் முதலில் செய்த ட்ரேயை வார்னிஷில் கெடுத்துக்கொண்டேன். அழகாக விரிந்திருந்த ட்ரே, சந்தன நிறத்துக்கு நடுவில் காவிக் கோடுகள். அதன் மேல் தண்ணீரில் கரையும் வார்னிஷை எடுத்து, சுவருக்கு அடிக்கிற மாதிரி முன்னும் பின்னுமாக நான்கு இழுப்பு இழுத்தேன். விரிசலுக்குள் வார்னிஷின் ஈரம் இறங்கி, அடியில் இருந்த பசை உயிர் பெற்றுக்கொண்டது. சில்லுகள் பிரஷ்ஷோடு நகர ஆரம்பித்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் முழுக்கக் குழம்பி ஒரே சேறாகிவிட்டது. மூன்று நாள் வேலை. இந்தப் பசை காய்ந்த பிறகும் தண்ணீரை மறப்பதில்லை, அதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

அதனால் முதல் கோட்டிங் எப்போதும் தண்ணீர் இல்லாத வகை. ஸ்ப்ரே லாக்கர் இருந்தால் அதைவிடச் சுலபம் கிடையாது, ஓரடி தள்ளி நின்று மெல்லிசாக இரண்டு தடவை அடித்தால் பிரஷ்ஷே படாமல் எல்லாம் கட்டிப்போட்ட மாதிரி நின்றுவிடும். பிரஷ் என்றால் ஆயில் வார்னிஷ், மென்மையான முடி உள்ள பிரஷ்ஷில், ஒரே திசையில். ஆயில் வார்னிஷ் கொஞ்சம் மஞ்சள் ஏற்றும், பழைய தோற்றத்துக்கு அது நமக்குச் சாதகம்தான். கதவு ஜன்னல் திறந்து வைத்துச் செய்யுங்கள். ஆயில் வார்னிஷ் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடித்துவிடும். கொடியில் விரித்துக் காயவைத்து, விறைப்பான பிறகு போடுங்கள்.

வயது ஏற்றுவது

விரிசல் மட்டும் போட்டால் புதுப் பொருளில் விரிசல் போட்ட மாதிரிதான் இருக்கும். பழசாகத் தெரிய வேண்டுமென்றால் அழுக்கும் தேய்மானமும் சேர வேண்டும், அதுவும் சரியான இடத்தில். காரைக்குடி பக்கம் போனால் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, வாங்காவிட்டாலும் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். பெட்டியில் பெயிண்ட் எங்கே போயிருக்கிறது? கை வைத்துத் திறக்கும் விளிம்பில். முக்காலியில்? தூக்குவதற்குப் பிடிக்கும் ஓரத்தில், உட்காரும்போது கால் தட்டும் இடத்தில், தரையில் இழுபடும் அடிப்பாகத்தில். அழுக்கு எங்கே? துடைக்கிற கை போகாத மூட்டுகளில், மூலைகளில். அந்த இடங்களை உங்கள் முக்காலியில் குறித்துக்கொள்ளுங்கள்.

தேய்மானத்துக்கு இரண்டு வழி. முதல் கோட்டிங் வார்னிஷுக்கு முன்னாலேயே 220 உப்புத்தாளை விரலில் சுற்றி விளிம்புகளை மட்டும் மெல்லத் தேய்த்து அடி நிறத்தைக் கொண்டுவரலாம். அல்லது அடி நிறம் காய்ந்தவுடன் அந்த விளிம்புகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள், அங்கே பசை பூசாதீர்கள், மேல் நிறம் காய்ந்த பிறகு நகத்தாலோ மழுங்கிய கத்தியாலோ சுரண்டினால் சில்லாகப் பெயர்ந்து வரும். எனக்கு இரண்டாவது வழிதான் இயற்கையாகத் தெரிகிறது, உப்புத்தாள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வழித்துவிடுகிறது.

அழுக்குக்கு, முதல் கோட்டிங் வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பிறகு, கரும்பழுப்பு அக்ரிலிக்கில் தண்ணீர் கலந்து கஷாயம் மாதிரி ஆக்கி, விரிசல் மேல் பூசி, ஒரு நிமிடம் விட்டு, பனியன் துணியால் துடைத்து எடுங்கள். கோடுகளிலும் மூலைகளிலும் தங்கியது மட்டும் போதும். வரிசை மாறக் கூடாது: வார்னிஷ், அழுக்கு, மறுபடி வார்னிஷ். கறுப்பு பெயிண்டை இதற்கு எடுக்காதீர்கள், கறுப்பு புகைபிடித்த மாதிரி செத்துப்போய் இருக்கும், பழுப்பில்தான் தூசியின் உயிர் இருக்கிறது.

பானை, பாட்டில், டின்

மண்பானை பசையை உறிஞ்சிவிடும், அதனால் பிரைமர் இரண்டு கோட்டிங் கொடுத்த பிறகுதான் அடி நிறம். செடி வைக்கிற தொட்டி என்றால் உள்ளிருந்து ஈரம் கசிந்து வெளியே எல்லாம் உரிந்து கொட்டும், பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து அதை இதற்குள் இறக்கி வையுங்கள். பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, அப்புறம் விரல் படாமல் பெயிண்ட். பிஸ்கட் டின்னுக்கு ரெட் ஆக்சைடு பிரைமர், அந்தச் செம்மண் நிறமே அடி நிறமாகவும் நன்றாக இருக்கும். உருண்டையான பொருளில் பசை வழிந்து கீழே தேங்கும், மெல்லிசாகப் பூசி, பதம் வரும்வரை கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருங்கள், வேறு வழியில்லை.

படத்தின் மேல் நுண்விரிசல்

இது வேறு முறை. பழைய ஓவியங்களில், மோனா லிசாவின் முகத்தில்கூட, தெரிகிற தலைமுடி அளவு விரிசல் வேண்டுமென்றால் இரண்டு குப்பியாக வரும் விரிசல் வார்னிஷ் வாங்க வேண்டும். பெட்டி மூடியில் ஒட்டிய பழைய காலண்டர் படத்துக்கு இது அருமையாக இருக்கும். முதல் குப்பி மெதுவாகக் காயும் ஆயில் வகை, இரண்டாவது தண்ணீரில் கரையும் பிசின், சீக்கிரம் காய்ந்து இறுகும். முதலாவதை மெல்லிசாகப் பூசி, விரல் முட்டியை வைத்தால் லேசாக ஒட்டிவிடுகிற பதம் வரை காத்திருந்து, இரண்டாவதைப் பூசுங்கள். இது காயும்போது விரிசல் விழும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியில் கண்ணாடிக் கோடு மாதிரி. வரவில்லை என்று நினைத்து நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், இருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு ஓவியர்கள் பயன்படுத்தும் பழுப்பு ஆயில் பெயிண்டைப் பட்டாணி அளவு எடுத்துத் துணியால் தேய்த்து, உடனே துடைத்தால் கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வரும். இங்கே அக்ரிலிக் கூடாது, அதிலுள்ள தண்ணீர் பிசினைக் கரைத்துவிடும். மூடும் வார்னிஷும் ஆயில் வகைதான். மழைநாளில் இதைச் செய்யாதீர்கள், ஈரக் காற்றைப் பிசின் இழுத்துக்கொண்டு விழுந்த விரிசலே மூடிக்கொள்ளும்.

எதில் செய்யக் கூடாது

சாப்பாடு படும் எதிலும் வேண்டாம், தட்டு, கிண்ணம், டம்ளரின் வாய்ப்பக்கம் உட்பட. குழந்தை கடிக்கிற பொம்மையிலும் வேண்டாம். பாத்ரூமில் வைக்கிற பொருளில் நிற்காது. அப்புறம், வீட்டில் தாத்தா காலத்து பர்மா தேக்குப் பெட்டி ஒன்று இருந்து, அதற்கு இன்னும் பழைய களை வேண்டும் என்று தோன்றினால் தயவுசெய்து கையை எடுத்துவிடுங்கள். அதற்கு உண்மையான வயது இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் மெழுகு பாலிஷ் போட்டால் போதும். நாம் செய்கிற இந்த வேலை வயதில்லாத பொருளுக்கு. அதேபோல, செய்த பொருளை யாருக்காவது விற்றால் நான் பூசியது என்று சொல்லிக் கொடுங்கள்.

முக்காலிக்குக் கடைசி வார்னிஷ் போட்ட பிறகு ஒரு வாரம் அதன் மேல் எதையும் வைக்காதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், பூந்தொட்டியை வைத்தால் அடியில் ஒட்டிக்கொண்டு சில்லோடு பெயர்ந்து வரும். ஒரு வாரம் கழித்து உட்காரலாம், புத்தகம் அடுக்கலாம். சூடான காபி டம்ளரை மட்டும் எப்போதும் ஒரு துணியோ தட்டோ போட்டுத்தான் வைக்க வேண்டும். அடியில் இருக்கும் பசை சூட்டுக்கு இளகும், வட்டமாக ஒரு தடம் விழுந்தால் அந்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பிரைமரிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான்.